பனிக்கு அடியில் மூச்சு

மாஸ் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் போக மறுத்தது.

காலையிலிருந்து மூக்கைப் பனியில் நுழைத்து நுழைத்து, புதைந்து கிடந்த ஆடுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்த நாய் அது. புயலுக்குப் பயந்து கற்சுவரோரம் ஒதுங்கிய ஆடுகளை அப்படியே பனி மூடியிருந்தது. உள்ளே உயிர் இருந்தால் மூச்சுச் சூட்டில் மேலே சின்ன ஓட்டை விழும். விளிம்பு மஞ்சளடித்துக் கிடக்கும். அங்கே தோண்ட வேண்டும். ஐவிக்கும் அவள் அண்ணன் வில்ஃபுக்கும் பழகிய வேலை.

இந்த ஓட்டையின் விளிம்பு வெள்ளையாக இருந்தது. அதுவும் சுவரை விட்டு வெகுதூரம் தள்ளி, மொட்டை மேட்டில்.

"உன் நாய்க்கு வயசாயிடுச்சு," என்றான் வில்ஃப்.

"உனக்கு மட்டும் என்னவாம்? விட்டுடு வில்ஃப். நம்ம ஆடு இவ்வளவு மேல வராது."

"மூச்சு விடுது பாரு, விட்டுட்டா போகச் சொல்ற? நீ போய்ச் சுவரோரம் கிடக்கறதை இழுத்துப் போடு. இதோ வந்துடறேன்."

அவள் நாயோடு இறங்கினாள். காற்று ஓய்ந்திருந்தது; ஈரக் கம்பளியின் நாற்றமும், ஆடுகளின் செருமலும், மேலேயிருந்து வில்ஃபின் மண்வாரி பனியைக் குத்தும் சரக் சரக்கென்ற சத்தமும் தவிர அந்த வெள்ளைச் சரிவில் வேறொன்றும் இல்லை. ஒரு கிழட்டு ஆட்டைப் பிடரியைப் பற்றி வெளியே இழுத்துப் போட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது.

சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

"வில்ஃப்?"

மூச்சிரைக்க ஏறினாள். மாஸ் அவளோடு வரவில்லை.

மண்வாரி நட்டுவைத்ததுபோல் நின்றது. அவன் காலடித் தடம் அதுவரை வந்திருந்தது. திரும்பிப் போகவில்லை. தோண்டிய பள்ளம் இல்லை. யாரும் தொடாத பனி, வழவழவென்று.

அதில் இப்போது இரண்டு ஓட்டைகள்.

மண்டியிட்டுப் புதிய ஓட்டையின் மேல் கையை வைத்தாள். வெதுவெதுப்பு. உள்ளே இழுத்தது. வெளியே விட்டது.

"வில்ஃப்! இருடா, இருடா, வந்துட்டேன்!"

வெறி பிடித்தவளாகத் தோண்டினாள். பனி. மேலும் பனி. உறைந்த புல். கல்லாய் இறுகிய தரை. அங்கே யாருமில்லை.

கீழே மாஸ் ஊளையிட்டது.

தலையை நிமிர்த்தினாள். எதிரே பனியிலிருந்து மூச்சுக்காற்றின் மெல்லிய ஆவி எழுந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மலைமுகடு வரை. எல்லாம் சேர்ந்து எழுந்தன. சேர்ந்து அடங்கின. சேர்ந்து எழுந்தன.

ஐவி பயத்தில் மூச்சை அடக்கினாள்.

மலை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது.