மெலிந்த குண்டும் தடித்த குண்டும்

பனிச்சரிவு வேட்டைக் குடிசையின் கதவை மூடிய வேகத்தில் புகைபோக்கிக்கே விக்கல் எடுத்தது. சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர். உள்ளே ஐந்து பேர், ஓர் அடுப்பு, யானையையே மயக்கிப் போடும் அளவுக்குப் பிளம் சாராயம்.

ஓய்வுபெற்ற துப்பறிவாளர் தாரிங்கா காலுறையை உலர்த்திக்கொண்டிருந்தபோது ரோக் வந்து நின்றான்.

"அக்கா, காப்பாத்துங்க. கதவு திறந்ததும் எங்கண்ணன் என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் போறாராம்!"

அண்ணன் ஃப்ளோரியான் கன்னத்தில் கட்டோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். காலையில் தாத்தாவின் துப்பாக்கி அவர் முகத்திலேயே வெடித்திருந்தது.

"தோட்டா நிரப்பினது இவன்தான்!" என்று உறுமினார். "அந்தக் காலத்துக் குழாய்க்கு மெலிஞ்ச குண்டுதான் ஆகும். தடிச்சதை வெச்சிருக்கான், கொலைகாரப் பய. நான் சுட்ட முதல் தோட்டாவே வெடிச்சிருச்சு!"

இரண்டு குண்டுக்கும் வித்தியாசம் மயிரிழைதான். தோட்டாவாகப் பார்த்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

தாரிங்காவின் நண்பர், பல் டாக்டர் ஸ்லாவ்கோ, துப்பாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "கடைவாப்பல் தோத்துப் போகணும் தாரிங்கா! குழாயைத் திறக்கிற போல்ட் அசையவே இல்ல. அடியில இருக்கிற ஓட்டைக்குள்ள விரல் விட்டேன், காலி."

"மேஜைமேல திறந்திருக்கிற தோட்டாப் பெட்டி யாரோடது?"

"என்னோடதும்மா," என்றார் வேட்டைச் சங்கத் தலைவர் சிரில். "என்னோடது புதுத் துப்பாக்கி. தடிச்ச குண்டு."

தாரிங்கா காலுறையைத் திருப்பிப் போட்டார். "ஃப்ளோரியான், இந்தத் துப்பாக்கியில அஞ்சு தோட்டாவைத் தகரக் கிளிப்போட சேர்த்துத் திணிப்பீங்க. கடைசித் தோட்டா குழாய்க்குள்ள போனாத்தான் கிளிப் அடி ஓட்டை வழியா விழும். வெடிச்சது முதல் தோட்டான்னா கிளிப் உள்ளேயே இருக்கணுமே?"

"வெடிச்சதுல பறந்திருக்கும்."

"மிச்சத் தோட்டாவும் கூடவே பறந்துச்சா?"

ஸ்லாவ்கோ கைதட்டிவிட்டார்.

"இந்தக் கிளிப்பை இப்போ யாரும் செய்யறதில்ல," என்றார் தாரிங்கா. "பழைய துப்பாக்கிக்காரங்க பொண்டாட்டியை மலையில மறந்துட்டு வந்தாலும் வருவாங்க, கிளிப்பை விடமாட்டாங்க. விழுந்ததும் கை தானா எடுத்துப் பையில போட்டுக்கும். கோட்டைக் கழட்டுங்க."

ரோக்கே உருவினான். காலிக் கிளிப் தரையில் விழுந்து கணீரென்றது.

"தம்பி நிரப்பின அஞ்சும் ஒழுங்காத்தான் வெடிச்சிருக்கு. தீர்ந்ததும் தலைவர் பெட்டியிலேர்ந்து ஒண்ணை எடுத்துக் கையால போட்டிருக்கீங்க. தடிச்ச குண்டு அப்படித்தான் உள்ளே போச்சு."

"அப்போ நீங்க சுடப் போன மலையாடு?" என்றார் ஸ்லாவ்கோ.

"நின்னு வேடிக்கை பாத்துச்சு," என்று முனகினார் ஃப்ளோரியான். "அஞ்சும் தப்பிடுச்சு. சொன்னா, குறி தப்பினவனை விசாரிக்கிற தலைவரோட கேலிக் கோர்ட்டுல ராத்திரி நிறுத்தி, பேரப்பிள்ளை காலம்வரைக்கும் சிரிப்பீங்க."

"அதுக்காக என்னை நிஜக் கோர்ட்டுக்கு அனுப்பப் பாத்தியா?" ரோக் கோட்டை அண்ணன் மடியில் எறிந்தான்.

அப்போது வெளியே மண்வெட்டிகள் சுரண்டும் சத்தம். ஃப்ளோரியான் துள்ளி எழுந்து கதவை நோக்கிப் பாய்ந்தார். சிரில் புகைபோக்கியில் வாயை வைத்து அலறினார்: "தம்பிகளா, தோண்டுறதை நிறுத்துங்க! கேலிக் கோர்ட்டு விசாரணை இப்பத்தான் ஆரம்பிக்குது!"

ரோக் அண்ணனை முந்திக்கொண்டு போய், கதவில் முதுகைச் சாய்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.