பெயர் மாறிய அஞ்சலி

விடிந்ததும் விடியாததுமாக அச்சகத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்த பரீது, மனைவி சைதூன் பீவி நீட்டிய தேயிலைத் தண்ணீரை வாங்கவில்லை.

"இந்த மாசப் புத்தகத்த அச்சடிக்க வேண்டாம்னு அவங்ககிட்ட சொன்னது நீயா?"

"நாந்தான்..."

மகன் பிறப்பதற்கு முன்பிருந்தே தென்காசியில் 'தென்சாரல்' மாத இதழை நடத்தி வருகிறவர் பரீது. அச்சை நிறுத்திவிட்டு முழுக்கப் போனுக்கே மாற்றிவிடலாம் என்று மகன் ஹுஸைஃபா சொன்ன நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு, சீசனுக்குக் குற்றாலம் போனாலும் அதே பேச்சு. இப்போது இவளும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டாளா?

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாட்டி?"

சைதூன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாப்பா, இது எனக்கே தெரியாது," என்றான் ஹுஸைஃபா.

"எல்லாரும் ஒண்ணாக் கூடி என் பத்திரிகைய சாகடிக்கப் பாக்கிய. நானே போயி அச்சடிக்கச் சொல்லுதேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரைச் சைதூன் வாசலில் மறித்தாள்.

"இன்னைக்கு மட்டும் போவாதிய... உங்களக் கெஞ்சிக் கேக்குதேன்."

"தள்ளு."

மருமகள் அஃப்ரினுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன் மாமி," என்றபடி தன் போனில் இந்த மாத இதழின் ஒரு பக்கத்தைத் திறந்து மாமனாரிடம் கொடுத்தாள். "இத வாசிங்க மாமா."

அவர் கிட்டே பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அஃப்ரின் விரலால் எழுத்தைப் பெரிதாக்கினாள்.

வீரகேரளம்புதூரில் இறந்துபோன மாடக்கண்ணுவுக்கு அவர் எழுதிய அஞ்சலி அது. ஆனால் தலைப்பில் இருந்தது மாடக்கண்ணுவின் தம்பி கடற்கரையின் பெயர். கடற்கரை பரீதின் பள்ளித் தோழர். மேலகரத்தில் நல்லபடியாக இருக்கிறார். தட்டச்சில் நேர்ந்த தவறைக் கவனிக்காமல், சரி என்று சொல்லி அச்சகத்துக்கு அனுப்பியவர் பரீதுதான்.

"சின்ன எழுத்து உங்களுக்குத் தெரியலன்னு மாமிக்கு ரொம்ப நாளாவே தெரியும். நீங்க தொழப் போற நேரத்துல எல்லாப் பக்கத்தையும் அவங்கதான் திருத்தி அனுப்புவாங்க. இந்தத் தடவ காய்ச்சல்ல கிடந்துட்டாங்க. நேத்துதான் இதப் பாத்து அச்ச நிறுத்தச் சொன்னாங்க."

பரீது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா, சைதூன்?"

"சொன்னா பேனாவக் கீழ வச்சிருவிய. அதப் பாத்துட்டு இருக்க எனக்குத் தெம்பில்ல..."

அவர் தன் விரலாலேயே எழுத்தை இன்னும் பெரிதாக்கி, அஞ்சலியைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அப்படிச் சிரமமில்லாமல் அவர் படித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"ஏலே, இந்த மாசமே போன்ல போடு. புத்தகமா வேணும்னு கேக்குதவங்களுக்கு மட்டும் அச்சடிப்போம்."

"அது எத்தன நாளைக்கு ஓடும் வாப்பா?"

"தெரியலலே. ஓடுத வரைக்கும் ஓடட்டும்." போனை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டுலயும் ஆசிரியர்னு உங்க உம்மா பேரப் போடு."

"எம்பேரு எதுக்கு?" சைதூன் பதறினாள்.

"இத்தன நாளும் உன் கண்ணாலதானட்டி பத்திரிகை வந்துருக்கு..."

மகனும் மருமகளும் நிற்பதையும் மறந்து, சைதூன் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.