துளை இல்லாத பறவை

தலைமை நூலகர் மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து, கதவைச் சாத்திவிடலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"எங்க பல்கலைக்கழக நூலகத்துல ஒரு பறவை காணாமப் போச்சுங்க."

மூலையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த அறைக்கு இதுவரை காணாமல் போன நகைகள் வந்திருக்கின்றன, கணவர்கள் வந்திருக்கிறார்கள். பறவை வந்ததில்லை.

அறை அவனுடைய அண்ணிக்குச் சொந்தம். தீப்பிடித்த கடைகளையும் மூழ்கிய சரக்கையும் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பல வருடம் பார்த்து, எரிந்தது எது, எரிக்கப்பட்டது எது என்று சொன்னவர். வேலையை விட்ட பிறகு தனியாகத் துப்புத் துலக்கினார். வேறு வேலை கிடைக்கும்வரை காரோட்ட வந்த கொழுந்தன் வேலை தேடுவதையே மறந்துபோனான்.

"பறந்து போச்சா, எடுத்துட்டுப் போனாங்களா?" என்றார் அண்ணி.

"வெட்டி எடுத்திருக்காங்க."

நூலகர் மடிக்கணினியைத் திறந்தார். நூலகத்தின் பழைய புத்தகங்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். எங்கோ உட்கார்ந்திருக்கும் மாணவனும் கைப்பேசியிலேயே படிக்கலாம். அடுத்த வாரம் திறப்பு விழா. அந்தப் புத்தகங்களில் ஒன்று பறவைகளைப் பற்றியது. அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள் கொண்டது. நூலகர் காட்டிய பக்கத்தில் ஒரு நீலப் பறவை கிளையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைப் பறிக்கும் நீலம்.

"பறவை ஆராய்ச்சி செய்யற பேராசிரியர் ஒருத்தர் இதோட அசலைப் பாக்கணும்னு வந்தார். பெட்டியைத் திறந்து புத்தகத்தைக் குடுத்தேன். இந்தப் பக்கம் மட்டும் இல்ல. இணையத்துல இருக்கு, புத்தகத்துல இல்ல."

"படம் எடுத்த பிறகு புத்தகம் எங்க இருந்துச்சு?"

"அங்கயே பெட்டியில வச்சு முத்திரை போட்டுடுவோம். முத்திரை உடையல. அப்போ எடுத்தது யாரா இருக்க முடியும்? படம் எடுக்கற அம்மாதான். இன்னிக்குச் சாயங்காலம் குழு கூடுது. வேலையை விட்டு நிறுத்தி, போலீஸ்ல புகார் குடுக்கப் போறாங்க." நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மனசு கேக்கல. ஆனா எப்படிப் பாத்தாலும் அவங்கமேலதான் வந்து நிக்குது."

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு," என்று அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

நூலகரின் அறை பெரியது. அவருடைய நாற்காலிக்கு எதிரே மேற்குப் பார்த்த அகல ஜன்னல். திரை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"போன மாசம்தான் போட்டோம். அதுக்கு முன்னாடி சாயங்காலமானா வெயில் மூஞ்சியில அடிக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுக் கோப்பு பாத்திருக்கேன்," என்றார் நூலகர்.

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் வரிசையாகப் படங்கள்: முந்தைய நூலகர்கள் இருவர், பழைய கட்டடம், முட்டை வடிவ அட்டைச் சட்டத்துக்குள் ஒரு சாம்பல் நிறக் குருவி, ஒரு கடிகாரம். கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான். அது நின்றுபோயிருந்தது. துப்புக் கிடைத்த பூரிப்பில் அண்ணியின் கையைச் சுரண்டினான்.

"பேட்டரி தீந்திருக்கும் தம்பி," என்றார் அண்ணி. ஆனால் அவரும் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் படமெல்லாம் நீங்க மாட்டினதா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. ஒட்டடை அடிக்கறப்போதான் அது இருக்கறதே ஞாபகம் வரும்."

பறவைப் புத்தகம் மேசைக்கு வந்தது. தாள்கள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. நீலப் பறவை இருந்த இடத்தில் தைப்பை ஒட்டி ஒரு விரற்கடை அகலத் துண்டு மட்டும் மிச்சமிருந்தது. அண்ணி பூதக்கண்ணாடியால் வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். பிறகு அதற்கு முந்தின தாளையும் அடுத்த தாளையும் ஜன்னலை நோக்கித் தூக்கிப் பிடித்தார். இரண்டிலும் மேல் மூலைக்குச் சற்றுக் கீழே கடுகளவு ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் கசிந்தது.

"பூச்சி அரிச்சது. பழைய புத்தகம்னா இதெல்லாம் சகஜம்," என்றார் நூலகர், சொந்தக்காரர் வீட்டுக் குறையை மழுப்புவது போல.

"பசிச்ச பூச்சி. அட்டையில ஆரம்பிச்சு நேரா உள்ள போயிருக்கு," என்ற அண்ணி புத்தகத்தைக் கொழுந்தனிடம் நீட்டினார். எதிர்ப்பக்கத்தில் வண்ணம் ஒற்றியதால் வெளிர் பழுப்பில் ஒரு பறவையின் நிழல் படிந்திருந்தது. அதன் கழுத்தும் பின்னால் திரும்பியிருந்தது. கொழுந்தனுக்கு அது ஏனோ பாவமாக இருந்தது.

படமெடுக்கும் அறையில் ஜன்னல் இல்லை. வி வடிவத் தொட்டிலில் புத்தகம் மல்லாந்திருக்க, மேலே இரண்டு கேமராக்கள். அருகில் வெள்ளைக் கையுறையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். நூலகம் முழுக்க அவரைக் கையுறை அக்கா என்றுதான் அழைத்தது. அழுது முடித்த முகம். ஆனால் கை வேலையை நிறுத்தவில்லை. தாளைப் புரட்டினார், அடியில் கறுப்பு அட்டையைச் செருகினார், காலால் கேமரா மிதியை அழுத்தினார், மறுபடி புரட்டினார்.

"அட்டை எதுக்கு அக்கா?" என்றான் கொழுந்தன்.

"தாள் மெலிசு. அடுத்த பக்கத்து எழுத்து தெரியும். ஓட்டை இருந்தாலும் அதுவழியா அடுத்த எழுத்து எட்டிப் பாக்கும். கறுப்பு வச்சா ஓட்டை கறுப்பா விழும், குழப்பம் இல்ல."

"அந்த நீலப் பறவை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா. இதையேதான் எல்லாரும் கேக்கறாங்க. நான் படம் பாக்கறதில்ல. ஓரம் நேரா இருக்கா, மடிப்பு இருக்கா, அவ்வளவுதான் பாப்பேன். வீட்ல பொண்ணு கேக்கறா, எப்படிம்மா ஞாபகம் இல்லன்னு. அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சோன்னு நேத்துலேருந்து சோறு எறங்கல."

"ஒரு பக்கமே இல்லாத புத்தகம் வந்தா?"

"சாம்பல் அட்டை." ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். 'இங்கே ஒரு பக்கம் இல்லை' என்று அதில் அச்சாகியிருந்தது. "அந்த எடத்துல இதை வச்சு ஒரு படம். கையி தானா எடுத்து வச்சுடும். அடிக்கடி வரும். கிழியாத புத்தகம் ஏதும்மா?"

வெளியே வந்ததும் அண்ணி கொழுந்தனுக்கு ஒரு வேலை கொடுத்தார். கைப்பேசியில் அந்த இணைய நூலகத்தைத் திறந்து சாம்பல் அட்டைகளைத் தேடவேண்டும். கிடைத்ததையெல்லாம் எண்ணிச் சொல்லவேண்டும்.

அவன் திண்டாடிக்கொண்டிருக்கும்போதே அண்ணி சர்வர் அறைக்குப் போய்விட்டார். சில்லென்ற அறை, பீரோ உயரப் பெட்டிகள் ஓயாமல் இரைந்தன. அதைக் கட்டி நிறுத்திய பொறியாளர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். வீட்டில் அவருடைய மாமியார், மாப்பிள்ளை சர்வராக இருக்கிறார் என்று சொல்லப்போய் எந்த ஓட்டலில் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டார்களாம். அதை அவரே சொல்லிச் சிரித்தார். கண்ணுக்குக் கீழே மட்டும் கருவளையம்.

"ஒரு புத்தகத்துல பக்கம் குறைஞ்சா உங்க எந்திரம் என்ன செய்யும்?" என்றார் அண்ணி.

"ஒத்துக்காது. பழைய அட்டவணையில எத்தனை பக்கம்னு இருக்கோ, அத்தனையும் வரணும். இல்லன்னா சிவப்பு விளக்கு. அந்தப் புத்தகம் இணையத்துக்குப் போகாது. அந்தச் சோதனையை எழுதினதே நான்தான்." அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

"சாம்பல் அட்டையைப் பக்கமா எடுத்துக்குமா?"

"எடுத்துக்காது," என்றவர், "அதுக்கு ஒரு வழி பண்ணணும்னு இருக்கேன்," என்றார்.

"அக்கா முதல்ல எடுத்த படங்கள் இருக்கா?"

"இடம் பத்தல. எடுத்ததை அப்பப்ப அழிச்சிடுவோம்."

கொழுந்தன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "அண்ணி, ஒண்ணுகூட இல்ல. கிழிஞ்ச அட்டை, தண்ணி பட்ட தாள் எல்லாம் இருக்கு. பக்கம் இல்லாத புத்தகம் மட்டும் ஒண்ணுகூட இல்ல."

பொறியாளர் ஸ்வெட்டரின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மாலையில், குழு கூடுவதற்கு முன், ஐவரும் நூலகரின் அறையில் கூடினார்கள். புதுத் திரையை ஒதுக்கச் சொன்னார் அண்ணி. வெயில் வந்து நூலகரின் முகத்தில் விழுந்தது. அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். வெயில் அவரைத் தாண்டிச் சுவரில் போய் உட்கார்ந்தது. கையுறை அக்கா கதவருகே, எப்போது வேண்டுமானாலும் வெளியே அனுப்பப்படுவோம் என்பது போல நின்றார்.

"முதல்ல வெட்டின ஓரம்," என்று அண்ணி தொடங்கினார். "புதுசா வெட்டினா தாளோட ஓரம் வெளுப்பாத் தெரியும். இது மத்த ஓரங்கள் மாதிரியே பழுத்திருக்கு. வெட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. அக்கா இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பக்கம் போயிடுச்சு."

"அப்போ இணையத்துல இருக்கற படம்?" என்றார் நூலகர்.

"அதைத் திறங்க. பறவைக்கு முந்தின பக்கத்துல பூச்சி ஓட்டை இருக்கா?"

"இருக்கு. கறுப்புப் புள்ளி."

"அடுத்த பக்கத்துல?"

"அதே எடத்துல இருக்கு."

"நடுவுல இருக்கற பறவைக்கு?"

நூலகர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். அந்த இடத்தில் மாசு மருவில்லாத தாள்.

"பூச்சி முந்தின பக்கத்தைத் தின்னுட்டு, இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதிச்சு, அடுத்த பக்கத்தைத் தின்னிருக்காது," என்றார் அண்ணி. "இது இந்தப் புத்தகத்தோட பக்கமே இல்ல. வேற ஊர் நூலகத்துல இருக்கற பிரதியோட படம். அக்கா வச்சது சாம்பல் அட்டை. அதை எடுத்துட்டு யாரோ இதை ஒட்டியிருக்காங்க. அக்காவோட கேமரா எதிர்ல இருக்கறதை மட்டும்தான் எடுக்கும். எடுத்த பிறகு மாத்தறதுக்கு ஒரே எடம்தான் இருக்கு."

யாரும் பொறியாளரைப் பார்க்கவில்லை. அவரே பேசினார்.

"விழா தேதி குறிச்சாச்சு. பாதிப் புத்தகம் சிவப்புலயே நிக்குது. மத்த பல்கலைக்கழகங்கள் ஏத்தியிருக்கற படங்கள்ல தேடிப் பாத்தேன், கெடைச்சுது. ஒட்டினதும் பச்சை விழுந்துச்சு. படிக்கறவங்களுக்கு முழுப் புத்தகம் கிடைக்குதே, தப்பு என்னன்னு நெனச்சேன்."

"அக்கா பேரு அடிபட்டப்போ?"

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு நாள்ல அடங்கிடும்னு இருந்துட்டேன். அட்டைப் படங்களை அழிக்கல. தனியா வச்சிருக்கேன். இந்தப் புத்தகத்தோடதும் இருக்கு."

"நான் அட்டை வச்சேனா?" என்றார் கையுறை அக்கா. நேற்றிலிருந்து தன்னையே நம்பாமல் தவித்தவர் அவர். பொறியாளர் தலையசைத்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார். "வச்சிருக்கேன். என் பொண்ணுகிட்டச் சொல்லணும்," என்று மெதுவாகச் சொன்னார்.

நூலகர் எழுந்து அவரிடம் போனார். எதையோ சொல்ல நினைத்து, "மன்னிச்சுடுங்கம்மா," என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு அண்ணியிடம் திரும்பினார். "எங்க பறவையை அப்போ எவனோ வருஷக்கணக்குக்கு முன்னாடியே கொண்டுபோயிட்டான். இனி எங்க போய்த் தேடறது?"

"ரொம்ப தூரம் போகல. நீங்க இவ்வளவு நாளா அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

கொழுந்தன்தான் முதலில் பார்த்தான். வெயில் விழுந்த சுவரில், முட்டை வடிவச் சட்டத்துக்குள் இருந்த சாம்பல் குருவி கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எதிர்ப்பக்கத்துல படிஞ்ச நிழலும் இப்படித்தான் திரும்பியிருந்துச்சு," என்றார் அண்ணி. "யாரோ ஒரு பழைய நூலகர் ஆசைப்பட்டு வெட்டி மாட்டியிருக்கார். வாலையும் கிளையையும் சட்டத்தோட அட்டை மறைச்சுடுச்சு. தினம் இந்த ஜன்னல் வெயில் பட்டு நீலம் போயிடுச்சு. இணையத்துல பளபளன்னு பாத்த பறவையை யாரும் இதுல தேடல."

நூலகர் நாற்காலியில் ஏறிச் சட்டத்தை இறக்கினார். பின்பலகையின் திருகாணிகளைப் பொறியாளர் தன் திருப்புளியால் கழற்றினார். தாளை எடுக்க நூலகர் கை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டு கதவருகே பார்த்தார். "நீங்க எடுங்கம்மா."

அக்கா கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்தார். தாளை இரு ஓரங்களிலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். மேல் மூலைக்குச் சற்றுக் கீழே, கடுகளவு வெளிச்சம் கசிந்தது. அட்டை மறைத்திருந்த வால் நுனியில் மட்டும் நீலம் அப்படியே இருந்தது.

"அந்த வேற ஊரு பறவையை எடுத்துட்டு இதைப் போடலாமா சார்?" என்றார் நூலகரிடம். "நரைச்சிருக்கு. ஆனா நம்மளுது."

"மத்த புத்தகங்கள்ல ஒட்டினது?" என்றான் கொழுந்தன்.

"சாம்பல் அட்டையெல்லாம் திரும்ப வரும். சோதனையையும் மாத்தி எழுதறேன்," என்றார் பொறியாளர்.

"விழாவைத் தள்ளி வச்சுக்கலாம்," என்றார் நூலகர். குழுவிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கவலை முகத்தில் தெரிந்தது, குரலில் இல்லை.

படமெடுக்கும் அறைக்கு அக்காவோடு மற்றவர்களும் போனார்கள். அக்கா தாளைத் தொட்டிலில் கிடத்தினார். அடியில் கறுப்பு அட்டையைச் செருகினார். திரையில் சாம்பல் பறவை வந்தது. மூலையில் அந்தக் கறுப்புப் புள்ளியும் வந்தது. வழக்கம்போல ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தார், மடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம், இந்த ஒரு தடவை மட்டும், மிதியை அழுத்தாமல் நின்று பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.