காணாமல் போன கடல் சண்டை

காலை பத்து மணி. படத்தொகுப்பு அறை அலமாரியில் 'கடல் சண்டை' என்று லேபிள் ஒட்டியிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. அன்று சாயங்காலம் முன்னோட்டக் காட்சி. பேர்பெற்ற பழைய நாவல் ஒன்றை இஷ்டத்துக்கு வளைத்து எடுத்த சரித்திரப் படம் அது. பார்க்க வருகிறவர் நாவலாசிரியரின் மகள்.

பூட்டு உடையவில்லை. சாவி இருவரிடம்தான் இருந்தது: இயக்குநர், எடிட்டர். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரின் சந்தேகம் எடிட்டர்மேல் விழுந்தது. முந்தின நாள் எடிட்டர், "நாவல் முடிவுல ஹீரோ சண்டையே வேண்டாம்னு தன் படகைக் கொளுத்துறான். நீங்க வாளைக் குடுத்து வெட்டச் சொல்றீங்க!" என்று இயக்குநரிடம் எல்லோர் காதிலும் விழக் கத்தியிருந்தாள்.

"பையைக் கொட்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

யூனிட் ஆட்கள் சுற்றி நின்றார்கள். சீப்பு, மாத்திரை அட்டை, மடித்து வைத்த உள்ளாடை எல்லாம் மேஜையில் விழுந்தன. யாரோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள்.

"சார், அந்த டிஸ்க்குல இருந்தது..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

பையில் டிஸ்க் இல்லை. கூட்டம் கலைந்தது. இன்ஸ்பெக்டர் டீ குடிக்க வெளியே போனார். அவள் பாதியில் விழுங்கிய வாக்கியம் மண்டையைக் குடைந்தது. திரும்பி வந்தார். அறையில் இயக்குநரும் அவளும் மட்டுமே இருந்தார்கள்.

"என்ன சொல்ல வந்தே?"

"நேத்து டைரக்டர் கிளம்பினப்புறம் சண்டையை வேற டிஸ்க்குக்கு மாத்திட்டேன். லேபிளை மாத்தலை. காணாமப் போனதுல வெறும் பாட்டுதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் மெல்ல இயக்குநர் பக்கம் திரும்பினார். "சண்டையைத் திருடணும்னா இவங்க அந்த டிஸ்க்கைத் தொட்டே இருக்க மாட்டாங்க. லேபிளை நம்பினவர்தான் எடுத்திருக்கணும். இன்னொரு சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு?"

இயக்குநர் நாற்காலியில் சரிந்தார். "நாவலோட முடிவுல கை வைக்க மாட்டேன்னு எழுத்தாளர் மகளோட கையைப் பிடிச்சுச் சொன்னேன். இன்னிக்கு எந்த மூஞ்சியோட பக்கத்துல உக்காருவேன்? ஷோ நின்னா போதும்னு இருந்துச்சு. டிஸ்க் கார்ல இருக்கு."

"இவங்க பையைக் கொட்டினப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

கேட்டவருக்கே அந்தக் கேள்வி சுட்டது. கொட்டச் சொன்னது தாம்தானே.

எடிட்டரை வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் குரலைத் தணித்தார். "மன்னிச்சுடுங்கம்மா."

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அசிங்கப்படுத்தினது ஊர் பார்க்க. மன்னிப்பு மட்டும் தனியாவா சார்?"

இன்ஸ்பெக்டரின் காதுமடல்கள் எரிந்தன. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யூனிட் ஆட்கள் இருந்த கூடத்துக்கு நடந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க," என்றார். குரல் சரியாக எழும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட வேண்டியிருந்தது.