ஓரகத்திகளின் கோடுகள்

மனநல நிலையத்தின் சுவர்த்திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் ஒளிர்ந்தன. நாச்சியாரின் கோடு அவரைக்கொடி போல மேலே ஏறியது. செவ்வந்தியின் கோடு கிணற்றுக்குள் விட்ட கயிறு போல இறங்கிக்கொண்டே போனது. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருக்கும் ஓரகத்திகள் இருவரும். ஒரே நோய், ஒரே மாத்திரை. கோடுகள் மட்டும் வேறு.

"தை மாசம் கடைசியா ஒரு தடவை பார்ப்போம்," என்றார் மருத்துவர் செவ்வந்தியிடம். "கோடு ஏறினா மெட்ரோ வண்டிச் சாவியை உங்க கையிலயே திருப்பிக் கொடுப்பாங்க. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்கம்மா."

ஒன்பது வருடம் ரயில் ஓட்டிய கை. செவ்வந்தி அதை மடியில் மறைத்துக்கொண்டு புன்னகைத்தாள்.

அந்தக் கோடுகளைப் போடுவது பழகுமானி என்ற மிளகளவுக் கருவி. அது துக்கத்தின் ஆழத்தை அளப்பதில்லை. உடனிருப்பவர்களிடம் எப்படிப் பேசுகிறோம், எதைக் கேட்கிறோம், எதை விழுங்குகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதை வைத்து, மனச்சோர்வு இன்னும் ஐந்து வருடத்துக்கு எந்த வழியில் போகும் என்று கோடு போடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களின் கோடு பெரும்பாலும் இறங்கியது. மதுரைப் பெண்கள் அதைத் தாலிக்கயிற்றில் குண்டுமணிகளோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார்கள்.

"என்னக்கா மூஞ்சி இப்படிப் போகுது? எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்க. இல்லைன்னா இங்கயே உக்காந்து ஒப்பாரி வைப்பேன்," என்றாள் நாச்சியார், நிலையத்தின் வாசலிலேயே.

செவ்வந்தி வாங்கிக் கொடுத்தாள். கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். இதற்கும் அவள் கோடு ஏறும். வயிறு எரிந்தது.

ஆடிப்பெருக்கு வந்தது. புதுக் கயிற்றில் தாலி கோக்கும் வேலை மூத்தவளுடையது. நாச்சியார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, செவ்வந்தி இரண்டு பழகுமானிகளையும் மாற்றிக் கோத்தாள்.

"சீக்கிரம் கட்டுங்கக்கா, கழுத்து வலிக்குது!"

"இருடி, முடிஞ்சிருச்சு."

இனி நாச்சியாரின் கலகலப்பெல்லாம் செவ்வந்தியின் பெயரில் சேரும். செவ்வந்தியின் வாயிலிருந்து வரும் கடுஞ்சொல் நாச்சியாரின் கோட்டைத்தான் கெடுக்கும் என்று கணக்குப் போட்டாள். அப்படியிருக்க, எதற்கு அடக்க வேண்டும்?

மறுநாள் காலையே ஆரம்பித்தாள். "அந்த முறுகல் தோசையை வை. அது எனக்கு." கணவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு நீ சமை நாச்சியா. நான் நடக்கப் போறேன்." "உன் பிள்ளை அழுதா நீ தூக்கு."

நாச்சியார் முதலில் சிரித்தாள். பிறகு சரிக்குச் சரி சண்டை போட்டாள். ஐப்பசியில் சண்டையை விட்டாள். கார்த்திகையில் எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்று எழுந்து போனாள். செவ்வந்திக்கு அந்தச் சொல் பாகாய் இனித்தது. பசித்துச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். ஏன் என்று யோசிக்கவில்லை.

தையில் சுவர் ஒளிர்ந்ததும் மருத்துவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நாச்சியார், இப்படி ஒரு ஏத்தத்தை நான் பார்த்ததே இல்ல. இன்னையோட மாத்திரையை நிறுத்திரலாம்." செவ்வந்தியின் பக்கம் திரும்பியபோது அவர் குரல் தணிந்தது. அவள் பெயரில் இருந்த கோடு சுவரின் அடியைத் தொட்டிருந்தது.

"சரிங்க டாக்டர்," என்றாள் நாச்சியார். அவள் கும்பிட்டபோது மணிக்கட்டு வளையல் முழங்கை வரை தளர்ந்து ஓடியது. செவ்வந்தி அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

"மாத்திரையை நிறுத்தாதீங்க டாக்டர்!" செவ்வந்தி எழுந்துவிட்டாள். "கயிறு மாத்தும்போது நான்தான் மானியை மாத்திக் கோத்துட்டேன். பொறாமை. அடியில கிடக்கிறது அவ கோடு."

மருத்துவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இந்த ஏத்தம் உங்களோடது," என்றார் மருத்துவர் மெல்ல.

"சாவி கிடைக்குமா?" நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் கேட்டுவிட்டாள்.

"கிடைக்கும். ஆனா கோடு நிக்கணும்னா, இப்போ வீட்டுல எப்படிப் பேசுறீங்களோ அப்படியே பேசணும்."

"இவளுக்கு?"

மருத்துவர் பழைய கோடுகளையும் புதிய கோடுகளையும் வரவழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். இதுவரை பக்கத்துப் பக்கத்தில் வைத்தே பார்த்தவைதான். நாச்சியார் ஏறிய நாளிலெல்லாம் செவ்வந்தி இறங்கியிருந்தாள். செவ்வந்தி ஏறிய நாளிலெல்லாம் நாச்சியார். ஆளாளுக்கு ஒரு மானி கொடுத்தவர்கள், வீட்டுக்கு ஒன்று செய்ய நினைக்கவே இல்லை.

செவ்வந்தி ஓரகத்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "திட்டுடி! நாலு பேர் கேக்க நாக்கைப் பிடுங்குற மாதிரி என்னைத் திட்டு."

"எதுக்குக்கா?" நாச்சியார் அவள் கையை மெதுவாக விலக்கினாள். "நீங்க போய்ச் சாவியை வாங்கிட்டு வாங்க. வீட்டு வேலையை நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டுப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையை முகத்தில் நிறுத்திவைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது செவ்வந்திக்குத் தெரியும்.