அடியில் படிந்தது

நீர் தெளிவாக ஓடும்வரைதான் மலைச்சரிவில் மரம் வெட்டலாம். கலங்கினால் மரம் அறுக்கும் இயந்திர வாள்கள் தாமாகவே நின்றுவிடும். அதைக் கவனிக்கத்தான் ஆற்றில் கலங்கல்மானி வைத்திருந்தார்கள். ஆனால் மழையில் சரிவு எவ்வளவு கரைந்து இறங்கினாலும் இப்போதெல்லாம் வாள்கள் நெடுநேரம் நிற்பதில்லை. மானியோடு இணைந்த குழல்கள் உடனே நீரைத் தெளியவைக்கும் துகளைத் தூவும். அது மண்ணைத் திரட்டி அடியில் இறக்கிவிடும்.

அந்தத் துகளால் மீனுக்குத் தீங்கில்லை என்று சான்று கொடுத்தவள் எஸ்தர். அவளுடைய ஆய்வகத் தொட்டியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அந்தத் தொட்டியின் தரை வெறும் கண்ணாடி. கூழாங்கல் போட அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது முழங்கால் நீரில் குனிந்து, கற்களுக்கு இடையே விரலை நுழைத்தாள். நுழையவில்லை. துகள் இறக்கிய மண் சிமெண்டு பூசியதுபோல் இறுகியிருந்தது. கல்கெண்டை மீன்கள் முட்டையிட இந்த ஆற்றில் மிஞ்சியிருந்த கடைசித் திட்டு அது. ஒரு கல்லைப் பெயர்த்தாள். முட்டைகள் மூச்சு முட்டி வெளுத்துக் கிடந்தன. நாலைந்தில் மட்டும் உள்ளிருந்த குஞ்சின் கருங்கண் அசைந்தது.

"என்ன மேடம், கொலுசு விழுந்துருச்சா?" கரையிலிருந்து கேட்டார் மேற்பார்வையாளர் குணசீலன்.

"வாளை நிறுத்துங்கண்ணே. முட்டையெல்லாம் சாகுது."

"தண்ணி பளிங்கா ஓடுது, சாகுதாம்ல! என் கையில ஏது சுவிட்சு? மானி சொன்னாத்தான் நிக்கும்."

மானி சொன்னால் நிற்கும்.

எஸ்தர் காலாலும் கையாலும் படுகையைக் கிளறினாள். நகம் பிய்ந்தது. சேறு குபுகுபுவென்று எழுந்தது, கல்லிடுக்குகள் திறந்தன. ஆறு தேநீர் நிறத்துக்கு மாறியது. மலைமேல் வாள்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

அவள் மூச்சு அவளுக்கே கேட்டது. அடுத்து, ஆறு நெடுகக் குழல்களின் சீறல்.

கலங்கல் பஞ்சு பஞ்சாகத் திரண்டு இறங்கத் தொடங்கியது. எஸ்தர் பதறிப்போய், உயிரோடிருந்த முட்டைகளின்மேல் இரு கைகளையும் கவிழ்த்தாள். புறங்கையில் சேறு படிந்தது. மேலும் படிந்தது.

வாள்கள் மறுபடி இரைந்தன.

"அடேயப்பா!" என்றார் குணசீலன். "நீங்களே கலக்கிப் பாத்தும் அசரலையே மேடம், உங்க துகளு!"

கையை எடுத்தால் முட்டைகள்மேல் சேறு விழும். எடுக்காவிட்டால் அவற்றுக்கு ஓடும் நீர் கிடைக்காது. பளிங்காகத் தெளிந்த ஆற்றில், எஸ்தர் குனிந்தபடியே நின்றாள்.