காயாத துவாய்

பகல் இரண்டு மணி வெயிலிலும் அந்தத் துவாய் காயவில்லை.

சவுந்தரநாயகத்துக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிளார்க் வேலை பார்த்து அவர் ஒழுங்காகச் சேர்த்துவைத்த ஒரே பொருள் அந்தக் கோபம். மெல்பேர்ணில் இருக்கும் மகள் ரொஷேல், பெற்றோரின் நாற்பதாவது கலியாண நாளுக்கென்று ஹெந்தளைக் கடற்கரை ஹோட்டலில் இரண்டு இரவு புக் பண்ணிக் கொடுத்தது முதல் கோபம். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து ஓட்டோவில் அரை மணித்தியாலம். மணலில் நின்று தெற்கே பார்த்தால் அவர் வேலை செய்த துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. இதற்கு ஒரு சூட்கேஸ் வேறு.

இரண்டாவது கோபம் இந்தத் துவாய். தென்னைமரத்தடியில் இரண்டே இரண்டு சாய்மனைக் கதிரைகள். ஒன்றில் மனைவி றோஸி கால் நீட்டியிருந்தாள். பக்கத்துக் கதிரையில், குளித்தால் துடைக்க ஹோட்டலில் கொடுக்கும் நீலத் துவாய், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தது. காலையிலிருந்து அப்படியே. உப்புக் காற்று, சமையலறையிலிருந்து வந்த இறால் பொரியல் வாசனை, நீச்சல் குளத்துப் பிள்ளைகளின் கூச்சல், அலை வந்து மணலை இழுத்துக்கொண்டு போகிற இரைச்சல், இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சீராகச் சொட்டு, சொட்டு என்று ஒரு சத்தம். கதிரைக்குக் கீழே மணல் கறுத்துக் குழி விழுந்திருந்தது.

துவாய் கொடுக்கும் மக்கீனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஆரிட கதிரை இது?"

மக்கீன் கிட்ட வரவில்லை. "அதுல ஆள் ஈக்கிது, சேர்."

"எங்க ஆள்? காலமையில இருந்து நானும் நிண்டு நிண்டு பாக்கிறன்!"

"துவாய் போட்டீக்கிதே, சேர். அங்கிட்டு நல்ல நெழல் ஈக்கிது. அங்க இருங்களே."

இந்த இடத்தில் சவுந்தரநாயகம் பேசாமல் போயிருக்க வேண்டும். துணி போட்டு இடம் பிடிக்கிற சட்டம் அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய குடும்பமே அப்படி உண்டானதுதான். அந்தக் காலத்தில் புறக்கோட்டை பஸ்ஸில் றோஸி முதலில் ஏறி, பக்கத்து சீட்டில் அவருடைய லேஞ்சியைப் போட்டுவைப்பாள். மூக்குத் துடைக்கிற அந்த ஒரு முழத் துணிக்கு முன்னால் பொலிஸ்காரன்கூட நின்றுகொண்டுதான் வருவான். யார் கேட்டாலும் றோஸி மெல்லச் சிரித்து, "மன்னிக்கோணும், இதில ஆள் இருக்கு" என்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் வேண்டுமென்று பிந்திப் போவார். போட்ட துணியை எடுப்பவன் மனிதனே அல்ல என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்.

எடுத்தார்.

கனத்தது. நித்திரையான ஆளைத் தூக்கும்போது கை தொய்கிற மாதிரியான கனம். மணலில் வீசிவிட்டு உட்கார்ந்தார். ஈரத்துவாய்க்கு அடியில் கதிரை குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தது. ஒருவர் அப்போதுதான் எழும்பிப்போன பஸ் சீட்டின் சூடு.

"ஐயாவுக்குக் கதிரை கிடைச்சிட்டுது," என்றாள் றோஸி. "இனி முடியும் சூட்டவோ?"

அவர் கைப்பிடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். கோபம் வந்தால் அப்படித் தட்டுவார். மணலில் கிடந்த துவாய் அடுத்த முறை பார்த்தபோது அங்கே இல்லை. மக்கீன் எடுத்திருப்பான் என்று நினைத்தார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் முட்டை அப்பம் எடுக்கப் போனார். திரும்பி வந்தார். றோஸிக்கு எதிரே அவருடைய கதிரையில் நீலத் துவாய், சொட்டச் சொட்ட. சாய்வின் உச்சியில் தலை வைத்தது போல ஒரு பள்ளம்.

"இதை ஆர் போட்டது?" அவர் கத்தியதில் பக்கத்து மேசைகள் திரும்பின. இழுத்து எறிந்தார். நேற்றைவிடக் கனம்.

றோஸி நிமிர்ந்து பார்த்தாள். எங்கோ பார்த்த முகம், ஆனால் பெயர் வரவில்லை என்பதுபோல ஒரு பார்வை. பிறகுதான், "ஓ, நீங்களே," என்றாள்.

மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது, வாடகைக் காரில் அவள் பக்கத்து சீட்டில் அதே நீலத் துவாய், சீட் நனைந்திருந்தது. துவாயை ஜன்னலால் வீசப் பார்த்தார். தூக்க முடியவில்லை. முன்னால் ஏறி இருந்தார். பின்னால் றோஸி சின்னக் குரலில் கதைத்துக்கொண்டே வந்தாள். ரொஷேலைப் பற்றி. முழங்கால் நோவைப் பற்றி. வழக்கமாக அவரிடம் சொல்கிற கதைகள். இடையிடையே நிறுத்தினாள், பதில் கேட்பதுபோல. வத்தளைப் பாலம் தாண்டும்போது சிரித்தாள்.

திரும்பிப் பார்க்க அவருக்குக் கோபம் போதவில்லை.

கொட்டாஞ்சேனை வீடு. பின்னேரம் நான்கு மணி. சூட்கேஸை அறையில் வைத்துவிட்டு வந்தார். மேசையில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை. ஆவி பறந்தது. அவருடைய கதிரை. நீலம். சொட்டு. சொட்டு. சீமெந்துத் தரையில் உப்பு வாசனை.

டொக். டொக்.

மேசையில் விரல் இரண்டு தரம் தட்டும் சத்தம். கோபம் வந்தால் அவர் தட்டுகிற அதே தட்டல். அவர் தட்டவில்லை.

"சீனி காணாதோ? அதுக்கேனப்பா இந்தக் கோவம்?" றோஸி இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கி, கோப்பையைத் துவாய்க்கு முன்னால் தள்ளிவைத்தாள்.

கத்த வாயைத் திறந்தார். கோபத்தைத் தேடினார். நாற்பது வருடக் கோபம். ஒரு துளி இல்லை.

"றோஸி... அது என்ர இடம்."

அவள் நிமிர்ந்தாள். புறக்கோட்டை பஸ்ஸில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"மன்னிக்கோணும், இதில ஆள் இருக்கு."

மேசைமேல் இருந்த அவளுடைய கையில் துவாயின் ஓரம் மெல்ல ஏறி, மோதிர விரலைச் சுற்றி, இறுகியது.